கீழே களிமண், மேலே ஊர்

சிவிதாவின் நுழைவாயிலைத் தாண்டியதும் ஒரு பழைய மாளிகையின் முகப்பு நிற்கிறது. கல்லில் செதுக்கிய நிலை, மரக்கதவு, அதற்கு மேலே வரிசையாக ஜன்னல்கள். அண்ணாந்து பார்த்தால் ஜன்னலுக்குள் வானம் தெரிகிறது. கூடம், படுக்கையறை, சமையல்கட்டு என்று அந்த முகப்புக்குப் பின்னால் இருந்த பெரும்பகுதி, தான் நின்ற பாறையோடு சேர்ந்து எப்போதோ பள்ளத்தாக்கில் விழுந்துவிட்டது. சுவர் மட்டும் தப்பித்து நிற்கிறது. அதில் கொடி படர்ந்திருக்கிறது.

"வீடு எங்கே கண்ணு?" என்றார் அம்மா.

"கீழே போயிருச்சும்மா."

அம்மா சுவரைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் தன் காலடியில் இருந்த கல் தரையைப் பார்த்தார். "நாம நிக்கிற இடம்?"

என் தொழிலே அந்தக் கேள்விதான். கட்டடம் எழுப்பப் போகிற இடத்தில் துளை போட்டு மண் எடுத்து, அது எவ்வளவு பாரம் தாங்கும், சரிவு நிற்குமா நகருமா என்று சொல்கிற மண் பொறியாளர் நான். இத்தாலியில் வேலை நிமித்தம் இருந்தபோது அம்மா வந்திருந்தார். ரோம், பிளாரன்ஸ் எல்லாம் பார்த்தோம். ஆனால் எனக்குப் பல வருடங்களாகப் போக வேண்டும் என்று இருந்த இடம் இந்தச் சின்ன ஊர்தான். சிவிதா தி பாஞ்யோரேஜோ என்பது முழுப்பெயர். ரோமுக்கு வடக்கே சுமார் 120 கிலோமீட்டர், லாட்சியோ மாநிலத்தின் வித்தெர்போ மாவட்டத்தில் இருக்கிறது. போல்சேனா ஏரிக்கும் டைபர் ஆற்றுப் பள்ளத்தாக்குக்கும் இடையில், நான்கு பக்கமும் செங்குத்தாக இறங்குகிற ஒரு பாறை மேட்டின் தலையில் உட்கார்ந்திருக்கிற ஊர். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடக்கப் பத்து நிமிடம் போதும். வருடம் முழுக்க அங்கேயே குடியிருப்பவர்களை இரண்டு கைவிரல்களில் எண்ணிவிடலாம் என்கிறார்கள்.

ஊருக்குள் போக ஒரே ஒரு பாலம்தான் உண்டு. சுமார் 300 மீட்டர் நீளம், 1965ல் கட்டிய கான்கிரீட் நடைபாலம். கார் போகாது. எதிர்க்கரையில் இருந்து பார்க்கும்போது மெல்லிய கோடு மாதிரி சாதுவாகத் தெரிகிறது; கடைசிப் பகுதியில் நன்றாக ஏறுகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நின்று நின்று, மூச்சு வாங்கி ஏறினார். அந்தத் தாமதம் எனக்கு வசதியாகிப் போனது. பாலத்தின் நடுவில் நின்றால்தான் இந்த மலையின் குறுக்குவெட்டு கண்ணுக்கு நேராகத் தெரியும். பாடப் புத்தகத்தில் பக்கம் பக்கமாக விளக்குகிற விஷயம் அங்கே ஒரே பார்வையில் இருக்கிறது.

அதைச் சொல்லாமல் இந்த ஊரைப் பற்றிச் சொல்ல முடியாது. மேலே தேன் நிறத்தில், செங்குத்தாக வெட்டி வைத்த மாதிரி நிற்பது எரிமலைப் பாறை. போல்சேனா ஏரியைச் சுற்றியிருந்த எரிமலைகள் 3 லட்சம் ஆண்டுகளுக்கும் முன்னால் கக்கிய சாம்பலும் நுரைக்கல்லும் படிந்து இறுகி உண்டானது. இத்தாலியர்கள் துஃபோ என்பார்கள். உளிக்கு இணங்கும், இலேசானது, காற்றுப்பட்டால் இன்னும் கெட்டிப்படும். வீடு கட்ட அருமையான கல். ஆனால் அந்தப் பாறை நிற்பது களிமண்ணின் மேல். 10 லட்சம் ஆண்டுகளுக்கும் முன்பு இங்கே கடல் இருந்தது. அதன் அடியில் படிந்த சாம்பல் நிறக் களிமண் அது. இன்றைக்கும் சிப்பித் துண்டுகள் அதில் கிடைக்கின்றன. ஈர மாவின் மேல் செங்கல்லை அடுக்கி வைத்த கதைதான்.

மலையின் இரண்டு பக்கமும் இரண்டு ஓடைகள் ஓடுகின்றன. ஒன்றுக்குத் தெளிந்த ஓடை என்று பெயர், மற்றதற்குக் கலங்கிய ஓடை. இரண்டும் சேர்ந்து களிமண்ணின் காலை அறுத்துக்கொண்டே இருக்கின்றன. மேலே பெய்கிற மழை பாறையில் உள்ள நெட்டுக்குத்தான விரிசல்கள் வழியே இறங்கி, களிமண்ணைத் தொட்டதும் கீழே போக வழியில்லாமல் பக்கவாட்டில் கசிகிறது. கசிந்த இடத்தில் களிமண் ஊறி, உப்பி, பிடிப்பை இழக்கிறது. வெயிலில் காய்ந்து வெடிக்கிறது. அடுத்த மழையில் வெடித்தது கரைந்து ஓடுகிறது. அடி போனதும் மேலே இருக்கிற பாறைத் துண்டு, பக்கத்துத் தாங்கல் இல்லாமல், விரிசல் வழியே பிளந்து வெளிப்பக்கமாகச் சாய்கிறது. ஒருநாள் விழுகிறது. விளிம்பில் வீடு இருந்தால் வீடும் கூடவே போகும். சுற்றிலும் கத்தி முனை மாதிரி கூர்கூராக நிற்கிற வெளிறிய மண்மேடுகள் அப்படிக் கரைந்து மிஞ்சியவைதான். காலாங்கி என்கிறார்கள் அவற்றை. அழகானவை, பார்த்துக்கொண்டே நிற்கலாம். ஆனால் ஒரு மண் பொறியாளர் அந்த அழகை நிம்மதியாக ரசிக்க முடியாது. ஒவ்வொரு கூர்முனையும் மேலே ஒருகாலத்தில் ஏதோ இருந்தது என்பதற்கான தடயம்.

சரி, இப்படிப்பட்ட இடத்தில் ஏன் குடியேறினார்கள்? சுமார் 2500 ஆண்டுகளுக்கு முன்பு, ரோமுக்கு முந்திய எத்ருஸ்கர்கள் இங்கே ஊர் அமைத்தபோது பாறைமேடு இன்னும் அகலமாக இருந்திருக்கும். எதிரி ஏற முடியாத மேடு, காற்று, கீழே விளைநிலம், குடைந்தால் குடைகிற கல். அவர்கள் கணக்கில் அது நல்ல இடம். ஊருக்குள் நுழைகிற வாசலே அவர்கள் பாறையில் வெட்டிய வழிதான் என்கிறார்கள். மேலே வளைவு கட்டியது இடைக்காலத்தவர்.

அந்த வாசலின் பெயர் சாந்தா மரியா வாசல். அதன் மேல் இரண்டு கல் சிங்கங்கள், ஆளுக்கொரு மனிதத் தலையைக் காலடியில் அழுத்திப் பிடித்திருக்கின்றன. ஓர்வியேதோ நகரத்தின் மொனால்தெஸ்கி குடும்பம் இந்தப் பகுதியை ஆட்டிப்படைத்த காலம் ஒன்று இருந்தது. 15ஆம் நூற்றாண்டில் ஊர்க்காரர்கள் அவர்களை எதிர்த்துக் கிளம்பி விரட்டினார்கள். அந்த வெற்றியின் நினைவுதான் இந்தச் சிங்கங்கள் என்பது ஊர்ப்பேச்சு. இவ்வளவு சிறிய ஊர் தன் வாசலில் இப்படி ஒன்றைச் செதுக்கி வைத்தது எனக்கு மிகவும் பிடித்தது. நம்மை இனி யாரும் மிதிக்க முடியாது என்று வருகிறவன் கண்ணில் படும்படி வைத்திருக்கிறார்கள்.

வாசலில் இருந்து ஒரே தெரு நேராக ஊர்ச் சதுக்கத்துக்குப் போகிறது. வழியில் இருபுறமும் அதே தேன் நிறக் கல்லில் வீடுகள். மாடிக்குப் போகிற படிக்கட்டு வீட்டுக்கு வெளியே, தெருவைப் பார்த்து இருக்கிறது. படியேறினால் ஒரு சின்னத் திண்ணை மாதிரி இடம், பிறகு கதவு. வித்தெர்போ பக்கத்து இடைக்கால வீடுகளின் அடையாளம் இது. கீழ்த்தளம் கழுதைக்கும் கோழிக்கும் விறகுக்கும், மேல்தளம் மனிதர்களுக்கு. நாங்கள் போனது மார்ச் மாதம், வார நாள். முந்தின இரவு மழை பெய்திருந்தது. கல் எல்லாம் ஈரத்தில் கருத்து, படிகளில் வைத்திருந்த பூந்தொட்டிகளில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு பூனை படிக்கட்டில் இருந்து எங்களையே பார்த்தது. அம்மா அந்தத் திண்ணை ஒன்றில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார்.

சதுக்கத்துக்குக் கல் பாவவில்லை. வெறும் சரளை. ஒரு பக்கம் சான் தொனாத்தோ தேவாலயம், அதன் முன்னால் மொட்டையாக நிற்கிற பழைய தூண் துண்டுகள். தேவாலயம் இருக்கிற இடத்தில் முன்பு ரோமர் கோயிலும் அதற்கும் முன்பு எத்ருஸ்கர் கோயிலும் இருந்தன என்று சொல்கிறார்கள். ஒன்றின் கல்லை எடுத்து இன்னொன்றைக் கட்டி, அதன் மிச்சத்தில் ஊர்க்காரர்கள் உட்கார்ந்து கதை பேசியிருக்கிறார்கள். ஜூனிலும் செப்டம்பரிலும் இந்தச் சதுக்கத்தைச் சுற்றிக் கழுதைப் பந்தயம் நடக்கும். நான் பார்த்ததில்லை. ஆனால் பாலம் வருவதற்கு முன்னால் இந்த ஊரின் தானியம், திராட்சை, விறகு எல்லாம் கழுதை முதுகில்தான் வந்தன என்பதை நினைத்தால், குதிரையை விட்டுக் கழுதைக்கு மரியாதை செய்வது நியாயம்தான்.

"இங்கே தண்ணி எங்கேர்ந்து எடுத்தாங்க?" என்று அம்மா கேட்டார். கோட்டையோ அரண்மனையோ, எங்கே கூட்டிப்போனாலும் அவர் முதலில் கேட்பது இதைத்தான். குடம் தூக்கி வளர்ந்த தலைமுறை.

இந்த ஊரைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல கேள்வி கிடையாது. ஊரின் பாதி மேலே இருக்கிறது, மறுபாதி பாறைக்குள் இருக்கிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் அடியில் குகை. எத்ருஸ்கர்கள் குடைய ஆரம்பித்ததை அடுத்தடுத்து வந்தவர்கள் தேவைக்கேற்பப் பெரிதாக்கிக்கொண்டே போனார்கள். கூரையில் விழுகிற மழையைச் சேர்த்து வைக்கத் தொட்டி. வருடம் முழுக்க ஒரே குளிர்ச்சியில் இருப்பதால் திராட்சை மதுவுக்குக் கிடங்கு. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மாடக்குழிகளாக வெட்டிய புறாக்கூண்டு. புறா இறைச்சியும் எருவும் அதில் கிடைத்தன. ஒரு குகையில் பழைய ஆலிவ் செக்கு இருக்கிறது. பெரிய கல் உருளை, அதைச் சுற்றி இழுக்கக் கழுதை, கழுதை சுற்றுகிற அளவுக்கு மட்டும் குடைந்த வட்டமான இடம். அம்மா அந்த உருளையைக் கையால் தட்டிப் பார்த்து, "எண்ணெய் வாசம் இன்னும் அடிக்குது" என்றார். எனக்கு அப்படித் தெரியவில்லை. ஆனால் அவர் மூக்கை நான் நம்புவேன்.

தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைத்ததில் இன்னொரு நன்மையும் இருந்தது என்பது என் தொழில்முறைக் கருத்து. கூரையில் விழுந்த மழை வீட்டுக்கு வந்தால், அந்த அளவுக்கு விரிசலுக்குள் போவது குறையும். ஓட்டுக் கூரை பிரிந்து, தூம்பு அடைத்து, ஆள் இல்லாத வீடாகிவிட்டால், அதே மழை நேராகப் பாறைக்குள் இறங்கும். அதனால் இந்த மாதிரி ஊரில் ஒரு குடும்பம் வெளியேறுவது வெறும் தலைக்கணக்கு இல்லை. தூம்பைச் சுத்தம் செய்ய, விரிசலுக்குச் சுண்ணாம்பு பூச, ஓடு மாற்ற ஆள் இல்லாமல் போகிறது. வெளியேறுவதும் சரிவதும் ஒன்றை ஒன்று வளர்க்கும்.

அப்படித்தான் நடந்தது. 1695 ஜூன் மாதம் பெரிய நிலநடுக்கம் வந்தது. அதுவரை சிவிதாதான் தலைமை ஊர். ஆயர் (பிஷப்) இங்கே இருந்தார், சான் தொனாத்தோ ஆயரின் பேராலயம். நடுக்கத்தில் வீடுகளும் வழியும் சேதமானதும், ஆட்சியும் ஆயரும் பள்ளத்தின் எதிர்ப்பக்கம் இருந்த புறநகருக்கு மாறினார்கள். 1699ல் ஆயர் பீடமும் போயிற்று. இன்றைக்குப் பேருந்து நிற்கிற பாஞ்யோரேஜோ அந்தப் புறநகர்தான். அதிகாரம் போனால் வணிகம் போகும், வணிகம் போனால் இளைஞர்கள் போவார்கள். சிவிதா அப்படியே சுருங்கியது. எதிர்க்கரையோடு இணைத்துக்கொண்டிருந்த மண் முகடும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து தாழ்ந்து, ஊர் தனித்தீவாகிவிட்டது. 20ஆம் நூற்றாண்டில் கட்டிய பாலத்தை 1944ல் பின்வாங்கிய ஜெர்மன் படை வெடிவைத்துத் தகர்த்தது. போர்க்காலத்தில் மக்கள் ஒளிந்துகொண்டது பாறைக்குள் இருந்த அதே பழைய குடைவுகளில். 1965ல் இப்போதைய பாலம் வரும்போது ஊரில் மிச்சம் இருந்தவர்கள் சொற்பம்.

சுற்றுலாப் பக்கங்கள் எல்லாம் 'காலம் உறைந்த இடைக்கால ஊர்' என்று எழுதுகின்றன. காலம் உறையவில்லை. இடித்துப் புதிதாகக் கட்டப் பணம் இல்லை, அவ்வளவுதான். வசதியான ஊர்கள் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் முகப்பை மாற்றின, தெருவை அகலப்படுத்தின. சிவிதாவில் அதற்கு ஆளும் இல்லை, காசும் இல்லை. நாம் இன்று வியந்து படம் எடுக்கிற வெளிப்படிக்கட்டும் கல் சந்தும் ஏழ்மை காப்பாற்றிக் கொடுத்தவை. அதை மறந்துவிட்டு ரசிக்க எனக்கு மனம் வருவதில்லை.

ஊரின் மிகப் பெரிய மகனைப் பற்றி ஒரு வார்த்தை. புனித பொனவெந்தூர் பிறந்த ஊர் இது. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜொவான்னி என்ற பெயரில் ஒரு மருத்துவர் வீட்டுப் பிள்ளையாகப் பிறந்தார். குழந்தையாக நோயுற்றபோது அசிசி பிரான்சிஸின் அருளால் பிழைத்தார் என்பது மரபு. பாரிஸில் படித்து, அங்கேயே இறையியல் கற்பித்து, 1257ல் அந்தப் பிரான்சிஸ் தொடங்கிய பிரான்சிஸ்கன் துறவற சபைக்கே தலைவரானார். கர்தினால் பதவிக்கான தொப்பியைக் கொண்டுவந்தபோது பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாராம். கை ஈரமாக இருக்கிறது, மரத்தில் மாட்டிவையுங்கள் என்றாராம். 1274ல் பிரான்சின் லியோன் நகரில் திருச்சபையின் பொதுச்சங்கம் கூடியபோது இறந்தார். இத்தாலியக் கவி தாந்தே, தன் காவியத்தில் வரும் சொர்க்கப் பயணத்தில் அவரைச் சந்திக்கிறார். அங்கேயும் அவர் தன்னைப் பாஞ்யோரேஜோக்காரன் என்றே சொல்லிக்கொள்கிறார். இவ்வளவு பெரிய மனிதர் பிறந்த வீடு எங்கே என்று தேடிப் போனால், விளிம்பில் ஒரு பலகை இருக்கிறது. வீட்டின் பெரும்பகுதி பள்ளத்தாக்கில் போய்விட்டது. அம்மாவுக்கு இதுதான் மனசு கேட்கவில்லை. "அவர் வீட்டையாவது விட்டு வச்சிருக்கலாம்" என்றார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

அந்த ஊர்ப் பக்கத்து எழுத்தாளர் பொனவெந்தூரா தெக்கி, புனிதரின் பெயரையே வைத்துக்கொண்டவர், சிவிதாவைச் 'சாகிற ஊர்' என்று எழுதினார். மண்ணில் ஊறிய துக்கத்தோடு அவர் சொன்னது அது. தன் கண் முன்னால் விளிம்புகள் விழுவதைப் பார்த்தவர். ஆனால் அது இன்று விளம்பரமாகிவிட்டது. சாவதற்கு முன் பார்த்துவிட வேண்டும் என்று கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. இந்த ஊரைப் பற்றி நான் இத்தனை எழுதுவதே இதற்காகத்தான். பாலத்தில் இருந்து இறங்கி மலையைச் சுற்றி நடந்து பாருங்கள். பாறையின் நெஞ்சில் எஃகுக் கம்பிகள் ஆழமாக இறக்கி இறுக்கியிருக்கிறார்கள். வடக்குச் சரிவில் களிமண்ணுக்குள் கிணறு மாதிரி பெரிய கான்கிரீட் உருளைகளை இறக்கி, அங்கிருந்து பாறைக்கு அடியில் நங்கூரம் போட்டிருக்கிறார்கள். ஓடைகளின் வேகத்தைக் குறைக்கக் குறுக்கே தடுப்புகள். சரிவுகளில் வேர் பிடிக்கிற புதர்கள். ஒவ்வொன்றும் ஒரு பொறியாளர் கணக்குப் போட்டு, ஒரு தொழிலாளி கயிற்றில் தொங்கிக்கொண்டு செய்த வேலை. எந்த சுற்றுலாப் படத்திலும் இவை வராது. இவை இல்லாவிட்டால் படமெடுக்க இத்தனை மிஞ்சியிருக்காது.

கட்டடங்களுக்கும் அப்படி ஒரு ஆள் கிடைத்தார். அஸ்த்ரா ஸரினா. 1929ல் லாத்வியாவின் ரீகாவில் பிறந்து, போருக்குப் பின் அமெரிக்கா போய்க் கட்டடக்கலை படித்தவர். ரோமில் உள்ள அமெரிக்க அகாதெமியின் கட்டடக்கலைப் பரிசை 1960ல் வென்றார். அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர். 1960களில் சிவிதாவைப் பார்த்தார். எல்லோரும் கைவிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் இடிந்த வீடுகளை வாங்கிப் பழுதுபார்க்க ஆரம்பித்தார். வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர்களை அழைத்துவந்து, அளவெடுக்கச் சொல்லி, வரையச் சொல்லி, ஊர்க்காரர்களோடு சமைத்துச் சாப்பிட வைத்து, ஒரு மலையூர் எப்படி வாழ்கிறது என்பதை அங்கேயே கற்றுக்கொடுத்தார். கணவர் அந்தோனி கோஸ்தா ஹெய்வுட்டும் கட்டடக்கலைஞர், அவரும் கூட நின்றார். அஸ்த்ரா 2008ல் இறந்தது வரை இந்த ஊரை விடவில்லை. அவர் தொடங்கி வைத்த நிறுவனம் இப்போதும் நடக்கிறது. எங்கிருந்தோ வந்த ஒரு பெண் ஒரு ஊரின் ஓட்டையும் தூம்பையும் தன்னுடையதாக நினைத்தார் என்பது எனக்குப் புனிதரின் கதைக்குச் சற்றும் குறைந்தது இல்லை.

2006ல் உலக நினைவுச்சின்ன நிதியம் தன் ஆபத்துப் பட்டியலில் சிவிதாவைச் சேர்த்தது. அதற்குப் பிறகு கூட்டமும் கூடியது. 2013ல் பாஞ்யோரேஜோ நகராட்சி பாலத்தைக் கடக்க ஒன்றரை யூரோ கட்டணம் வைத்தது. பிறகு அது 5 யூரோ ஆனது. ஊருக்குள் நுழையச் சீட்டா என்று பலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அது சரியாகவே படுகிறது. வருடத்துக்குச் சில பத்தாயிரம் பேர் வந்த இடத்துக்குப் பல லட்சம் பேர் வர ஆரம்பித்தார்கள். அந்தக் காசு பாலத்துக்கும் சாலைக்கும் போகிறது. நகராட்சி தன் மக்களுக்கு உள்ளூர் வரியையே நீக்க முடிந்தது. மூடிக்கிடந்த சாப்பாட்டுக் கடைகள் திறந்து இளைஞர்களுக்கு அக்கரையில் வேலை கிடைத்தது. கவலை வேறு இடத்தில். பகலில் ஆயிரக்கணக்கானோர், இரவில் பத்துப் பதினைந்து பேர் என்றால், தூம்பு சுத்தம் செய்கிற அந்தப் பழைய ஆள் திரும்பி வரவில்லை என்று அர்த்தம். தங்கும் விடுதிகளாக மாறிய வீடுகளை யாரோ பார்த்துக்கொள்கிறார்கள்தான். ஆனால் விடிய விடியப் பெய்கிற மழையில் எங்கே ஒழுகுகிறது என்று தெரிந்துகொள்ள, அந்த வீட்டில் படுத்திருப்பவர் வேண்டும்.

எதிர்க்கரைக்குப் போனவர்களுக்கும் சிவிதாவை விட மனசில்லை. சான் தொனாத்தோவில் 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மரச்சிலுவைச் சொரூபம் ஒன்று இருக்கிறது. கொள்ளைநோய்க் காலத்தில் தினமும் வந்து மன்றாடிய ஒரு பெண்ணிடம் இது பேசியது என்று நம்புகிறார்கள். பெரிய வெள்ளிக்கிழமை அந்தச் சொரூபத்தைக் கிடத்தித் தோளில் சுமந்து, பாலம் கடந்து, பாஞ்யோரேஜோ தெருக்களில் ஊர்வலமாகக் கொண்டுபோகிறார்கள். நள்ளிரவுக்குள் திருப்பிக் கொண்டுவந்துவிட வேண்டும். தவறினால் அது பாஞ்யோரேஜோவுக்கே சொந்தம் என்பது வழக்கம். அதனால் சிவிதாக்காரர்கள் அன்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடப்பார்களாம். தேவாலயத்தில் அந்தச் சொரூபத்தின் முன்னால் அம்மா வெகுநேரம் நின்றார். எங்கள் வீட்டில் பெருமாள்தான். ஆனால் சாமி ஊர்வலம் போய் நேரத்துக்குத் திரும்ப வேண்டும் என்ற பதைப்பு அவருக்கு யாரும் விளக்காமலே புரிந்தது.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ரோமில் இருந்து ஓர்வியேதோவுக்கு ரயில், அங்கிருந்து பாஞ்யோரேஜோவுக்குப் பேருந்து. ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்தை நம்ப வேண்டாம். கோடையிலும் விடுமுறை நாட்களிலும் பாலமே நகரமுடியாத கூட்டம் என்கிறார்கள். மார்ச், நவம்பர் மாதிரி மாதங்களில் வார நாளாகப் பார்த்துப் போங்கள். குதிகால் உயர்ந்த செருப்பு கூடாது. முழங்கால் வலிக்காரர்கள் போகலாம், அவசரப்படாமல் ஏறினால் முடியும், அம்மா ஏறினார்.

ஊருக்குள் ஒரு பழைய மாளிகையில் நிலச்சரிவு அருங்காட்சியகம் இருக்கிறது. பலர் வாசலோடு தாண்டிப் போய்விடுகிறார்கள். முதலில் அங்கே போங்கள். மாதிரிகளும் படங்களும் வைத்து, மலை எப்படிக் கரைகிறது, எங்கெங்கே என்னென்ன தாங்கல் கொடுத்திருக்கிறார்கள் என்று பொறுமையாகக் காட்டுகிறார்கள். பார்த்துவிட்டுத் தெருவின் கடைசி வரை நடந்தால், பாறைக்குள் எத்ருஸ்கர் கல்லறையாகக் குடைந்து பின்னாளில் சிறையாகவும் அதற்குப் பின் மாதா சிற்றாலயமாகவும் ஆன குகை வரும். பள்ளத்தாக்குக்கு இறங்குகிற பழைய சுரங்கவழியும் அந்தப் பக்கம்தான். மழை பெய்த மறுநாள் அதில் இறங்காதீர்கள். களிமண் செருப்பில் ஒட்டினால் வீடு வரை வரும். எங்கள் செருப்பை அன்று ராத்திரி விடுதிக் குளியலறையில் பல் துலக்கும் பிரஷ் வைத்துத் தேய்த்துக்கொண்டே அம்மா கேட்டார்: "அடுத்த தடவை வரும்போது அந்தக் கழுதைப் பந்தயத்துக்கு வரலாமா? ஜூனா செப்டம்பரா, எது கூட்டம் கம்மி?"

செப்டம்பர் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.